ஞாயிற்றுக்கிழமை இருநூற்று அறுபத்தேழு வோல்ட்

நடந்ததை முதலில் எண் போட்டு எழுதிவிடுகிறேன். கோபத்தில் எழுதினால் வரிசை குழம்பிவிடும்.

1. பள்ளிபாளையத்தில் விசைத்தறி மெக்கானிக்காக இருக்கும் அங்கமுத்து என்பவர், நாற்பது வருடத்துக்கு மேல் பழையதான ஒரு ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை நம் கடைக்குக் கொண்டுவந்தார். அது அப்போது ஊமையாக இருந்தது.

2. நான்தான் அதைப் பிரித்துச் சரிசெய்தேன். வீட்டுக்கு வரும் மின்சாரத்துக்கு ஏற்பச் செட்டைப் பொருத்துகிற, பின்பக்கம் உள்ள வோல்டேஜ் செலக்டரை 220இல் வைத்தேன். யாரும் அதைத் தொடாமலிருக்க, கடை வழக்கப்படி அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்து சீல் செய்தேன்.

3. ஒரு மாதத்துக்குள் இடது பக்கத்து ஃபியூஸ் போனது. மாற்றிக் கொடுத்தோம்.

4. அடுத்த முறை பெரிய கெப்பாசிட்டர்கள் இரண்டும் வீங்கி வெடித்தன. மாற்றிக் கொடுத்தோம். ஜாப் கார்டில் ‘உபயோகிப்பவர் தவறு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.

5. மூன்றாவது முறை இடது பக்கத்து அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் எரிந்தன. மறுபடியும் அதே கட்டத்தில் டிக் அடித்தேன்.

6. இனிச் சரிசெய்ய முடியாது, விற்றுவிடுங்கள் என்றார் முதலாளி. அங்கமுத்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

7. மூன்று முறையும் தவறு எங்களுடையது. அவர் செய்த ஒரே காரியம், நாங்கள் சொன்னதைக் கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை என் மேசையில் உட்காரப் போகும் உங்கள் இருவருக்கும் இதை எழுதுகிறேன். முதலாளி என்னிடம் கேட்டது வேறு. எந்த டப்பாவில் எந்தப் பாகம் இருக்கிறது, எந்த வாடிக்கையாளருக்கு எந்தச் செட் பாக்கி இருக்கிறது என்கிற ஒப்படைப்புக் குறிப்பு. அதை எழுதி மேசையின் முதல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இதை உங்கள் கையில்தான் தருவேன்.

நீங்கள் ஏன் இந்த வேலைக்கு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதற்காகத்தான் வந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு பெங்களூருக்குப் போகாமல் சேலத்தில் ஒரு பழைய ஸ்டீரியோ ரிப்பேர் கடையில் ஆறு வருடம் உட்கார்ந்திருந்தவளுக்குக் காரணம் இல்லாமல் இருக்குமா? மேல்மூடியின் நான்கு ஸ்குருவைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வயர்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து மெழுகு நூலால் யாரோ கையால் முடிச்சுப் போட்டிருப்பார்கள். டியூனிங் குமிழை ஒரு சுண்டு சுண்டிவிட்டால் கையை எடுத்த பிறகும் அது சுற்றிக்கொண்டே போகும், முள் அலைவரிசைகளின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். சுவிட்சைப் போட்டதும் டயல் இளமஞ்சளாக எரியும். இரண்டு வினாடி கழித்து உள்ளே ரிலே ‘டக்’ என்று விழும், அதன் பிறகுதான் பாட்டு. இன்றைக்கு விற்கிற பொருள்கள் கெட்டால் தூக்கிப் போட வேண்டியவை. இவை கெட்டால் திறக்க வேண்டியவை. அந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போதும் பிடித்திருக்கிறது. என் கோபம் செட்டுகள்மேல் இல்லை.

கடைக்கு வந்த புதிதில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவரை நான் ‘சீனியர்’ என்றுதான் கூப்பிடுவேன். செட்டைத் திறப்பதற்கு முன் குமிழ்கள் எந்த நிலையில் நிற்கின்றன என்று எழுதிக்கொள், கஸ்டமர் பொய் சொல்வார், குமிழ் சொல்லாது என்பார். ஒருமுறை ராசிபுரம் பக்கமிருந்து ஒரு கல்யாண மண்டபத்து ஆம்ப் வந்தது. பக்திப் பாட்டு மட்டும்தான் போடுவோம், அதுவும் மெதுவாகத்தான் என்று மேனேஜர் சத்தியம் செய்தார். வால்யூம், பேஸ் இரண்டும் கடைசிவரை திருகிக் கிடந்தன. சீனியர் குமிழைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார்.

“ஏனுங்க, சாமிக்குக் காது கேக்காதுங்களா?” என்றார்.

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். திறந்து பார்த்தால் உள்ளே கரி. அன்றைக்கு நான் அந்த விதியை நம்ப ஆரம்பித்தேன். அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அதுதான் அதில் இருந்த ஆபத்து.

சீனியரின் இரண்டாவது விதி செலக்டர் பற்றியது. நம் கடைக்கு வரும் செட்டுகளில் பாதி தறி ஓடும் ஊர்களிலிருந்து வருபவை. பள்ளிபாளையம், ஜலகண்டாபுரம், அந்தப் பக்கத்து ஊர்கள். அங்கே மின்சாரம் எப்போதும் குறைவாகத்தான் வரும். ஆகவே தறி ஊர் செட் என்றால் செலக்டர் 220இல்தான் இருக்க வேண்டும், 240இல் வைத்தால் சத்தம் சோம்பலாக வரும், கஸ்டமர் திரும்பி வந்து சண்டை போடுவார். இது கடையின் சட்டம். நானும் சும்மா நம்பவில்லை. அங்கமுத்துவின் செட்டை முதல்முறை கொண்டுபோய்க் கொடுத்த நாளில் அவர் வீட்டு பிளக்கில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 204. அன்று புதன்கிழமை. தெருவெல்லாம் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் செட்டைப் போட்டுக் காட்டினேன், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவரும் பெரிதாகக் கேட்டதாகத் தெரியவில்லை. “அப்பறமா கேட்டுக்கறனுங்க” என்றார். அந்த ‘அப்பறம்’ எப்போது என்று நான் கேட்கவில்லை.

முதல் ரிப்பேரில் யாரும் எதுவும் நினைக்கவில்லை. இரண்டாவது முறை அவரும் மனைவி சரசு அக்காவும் சேர்ந்து வந்தார்கள். ஒவ்வொரு முறையும் செட்டை வெட்டாத லுங்கித் துணியில் நாலு முடிச்சுப் போட்டுத்தான் கொண்டுவருவார். அவிழ்த்ததும் நான் குமிழ்களைப் பார்த்தேன். மேல்சத்தத்தைக் கூட்டும் டிரபிள் குமிழ் கடைசிவரை வலது பக்கம். பேலன்ஸ் நன்றாக இடது பக்கம் தள்ளியிருந்தது. மூடியைத் திறந்தால் உள்ளே எங்கும் மெல்லிய பஞ்சுத் தூசி. எனக்கு அப்போதே தீர்ப்பு தயாராகிவிட்டது. நன்றாக முறுக்கி வைத்து இடது பக்கத்தைப் போட்டு அடித்திருக்கிறார், துடைக்கக்கூட இல்லை.

சரசு அக்கா கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

“ஞாயித்துக்கெழமதானுங்க போவுது. மொதத் தடவையும் ஞாயித்துக்கெழம, இப்பவும் ஞாயித்துக்கெழம.”

“செட்டுக்குக் கெழமை தெரியுமாக்கா?” என்றேன் நான்.

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அங்கமுத்துவும் சங்கடமாகச் சிரித்தார். சரசு அக்கா சிரிக்கவில்லை.

“தெரியாதுன்னா போவாம இருக்கோணுமே சாமி.”

ஒரு நோயைப் பற்றி நோயாளியின் வீட்டில் இருப்பவர் சொல்லக்கூடிய மிக முக்கியமான தகவல் அது. எப்போது வருகிறது என்பது. நான் அதை நகைச்சுவையாக மாற்றிவிட்டு, இனிமேல் குமிழ்களை இப்படி முழுக்கத் திருகாதீர்கள் என்று அங்கமுத்துவிடம் சொல்லிவிட்டு, கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, அடுத்த செட்டை எடுத்தேன். ஆறு வருடத்தில் நான் சொன்ன வாக்கியங்களில் நினைக்கும்போதெல்லாம் முகம் சுடுகிற வாக்கியம் அதுதான்.

மூன்றாவது முறை டிரான்சிஸ்டர்கள் போன பிறகு முதலாளியே கவுண்டருக்கு வந்தார். அந்த வகை டிரான்சிஸ்டர் இப்போது யாரும் தயாரிப்பதில்லை. எங்களிடம் ஒரே ஒரு ஜோடி இருந்தது. அதை அங்கமுத்துவிடம் சொல்லவில்லை.

“அண்ணே, நான் பச்சையாவே சொல்றேன். இது பந்தயக் குதிரை மாதிரி. ஓட்டத் தெரிஞ்சவங்க கையில இருந்தாத்தான் ஓடும்.”

“நானுங்க நாப்பது தறி ஓட்டற எடத்துல மெக்கானிக்குங்க.”

“அது இரும்புண்ணே. அடிச்சாலும் தாங்கும். ஏற்காட்டுல ஒருத்தர் இந்த மாடலத்தான் தேடிட்டிருக்கார். ஸ்பீக்கரோட சேத்துக் குடுத்திருங்க. நல்ல எடத்துல இருக்கும்.”

நல்ல இடம். அந்த வார்த்தை சொல்லப்பட்டபோது நான் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கமுத்து செட்டின் முகப்பை விரலால் ஒருமுறை தடவினார்.

“வேற புது செட்டு வாங்குனா, அதுல டிரபிளு, பேலன்சு ரெண்டும் தனித்தனியாத் திருகற மாதிரி இருக்குமாங்க?”

“இப்ப வர்றதெல்லாம் போன்லயே பாத்துக்கலாம்ணே.”

அங்கமுத்து, ‘சரிசெய்ய இயலாது என்று கடை தெரிவித்ததால் விற்கச் சம்மதிக்கிறேன்’ என்று அச்சடித்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லுங்கித் துணியை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு முதலாளி சொன்னதை நான் எழுதப் போவதில்லை. யாருக்கு எந்தப் பொருள் தகும் என்கிற மாதிரியான பேச்சு. நீங்களும் கேட்பீர்கள்.

ஏற்காட்டுக்காரர் புதன்கிழமை வருவதாக ஏற்பாடு. அதற்கு முன் ஸ்பீக்கர்கள் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துவரச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை என்னைப் பள்ளிபாளையத்துக்கு அனுப்பினார்கள். நான் நல்லெண்ணத்தில் போகவில்லை. அவர் பொருளைக் கைமாற்றுகிற வேலைக்காகத்தான் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அதற்குமுன் தறி ஓடாத பள்ளிபாளையத்தை நான் கேட்டதில்லை. வாரத்தில் ஆறு நாள் ஒவ்வொரு சுவரும் அதிரும் தெருவில், அன்று யாரோ குழாயடியில் குடம் வைக்கிற சத்தம் கேட்டது.

ஸ்பீக்கர்கள் அருமையாக இருந்தன. துணி போட்டு மூடி, பஞ்சு ஏறாமல் வைத்திருந்தார். அவற்றைச் சோதிக்க நான் கொண்டுபோயிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரைப் பிளக்கில் சொருகுவதற்கு முன், கல்லூரி லேபிலிருந்து வந்த பழக்கத்தில் மீட்டரை வைத்தேன்.

267.

மீட்டரில் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். பேட்டரி தீர்ந்தால் மீட்டர் இப்படித்தான் அதிகமாகக் காட்டும். பையில் இருந்த புதுப் பேட்டரியைப் போட்டேன். 267. சமையலறைப் பிளக்கில் வைத்தேன். 266.

“என்ன சாமி, முகம் இப்படி ஆயிருச்சு?” என்றார் சரசு அக்கா.

“அக்கா, ஞாயித்துக்கெழம லைட்டெல்லாம் எப்படி எரியும்?”

“பளீர்னு எரியும். பல்பு போறதெல்லாம் ஞாயித்துக்கெழமதான். சட்னி அரைச்சா மிக்சி மேல பறந்துரும்போலக் கத்தும். மத்த நாள்ல அதே மிக்சி அழுவும். இதத்தான் அன்னைக்குச் சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார். “இப்பத் தெரிஞ்சுதா, செட்டுக்குக் கெழம தெரியும்னு?”

இதில் மர்மம் எதுவும் இல்லை. நூற்றுக்கணக்கான தறிகள் இழுக்கும்போதும் ஊருக்கு மின்சாரம் போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பகுதி டிரான்ஸ்பார்மரில் வோல்டேஜைத் தூக்கி வைத்திருக்கிறார்கள். தறிகள் நிற்கும் நாளில் இழுக்க ஆளில்லை. மொத்தமும் வீடுகளுக்கு ஏறி வருகிறது. தறி ஓடும்போது பாட்டுக் கேட்க முடியாது. ஆகவே அந்த ஊரில் ஒருவர் பாட்டுக் கேட்கிற நாளும் மின்சாரம் எகிறுகிற நாளும் ஒன்றுதான். 220க்கு வைத்து சீல் செய்த செட்டுக்கு அவர் ஒவ்வொரு ஞாயிறும் 267 கொடுத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டருக்கு ஐம்பத்தைந்து போயிருக்கும். வெடிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். தறி ஊரில் மின்சாரம் குறைவு என்று தெரிந்துவைத்திருந்த நாங்கள், தறிக்கு விடுமுறை உண்டு என்பதை யோசிக்கவில்லை. செட்டுகளையெல்லாம் நாங்கள் சோதிப்பது வார நாளில், ஸ்டெபிலைசர் போட்ட மேசையில்.

“தப்பு எங்களுதுங்கண்ணா” என்றேன். “மூணு தடவையும். நீங்க ஒண்ணும் பண்ணல.”

அங்கமுத்து தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, வலது காதை என் பக்கம் கொண்டுவந்தார். திரும்பவும் சொன்னேன். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“அப்ப நான் திருகுனதுனால இல்லீங்களா?”

“இல்லீங்க. அந்தக் குமிழு திருகத்தான் இருக்குது. எதுக்கு முழுசாத் திருகினீங்கன்னு நான் கேக்கவே இல்ல.”

அப்போதுதான் சொன்னார். தறியில் கோளாறு எங்கே என்று பார்க்க இருபத்தெட்டு வருடமாக அவர் இடது காதைத்தான் தறிக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறார். கூர்மையான மேல்சத்தங்கள் இரண்டு காதிலும் போய்விட்டன. இடது காதில் மற்றவையும் பாதி போய்விட்டன.

“கோயில்ல நாயனம் வாசிக்கறப்ப பாப்பனுங்க. ஜால்ரா போடறவன் கை மட்டும் ஆடும், சத்தமே இருக்காது. ரொம்ப நாளா, இவனுக்கு எதுக்குடா சம்பளம்னு நெனச்சிட்டிருந்தேன்.”

“இவரு ஒருக்கா அவன்கிட்டயே போய்க் கேட்டுட்டாருங்க” என்றார் சரசு அக்கா. “அவன் இவரு காதுக்கிட்ட வெச்சு நாலு போடு போட்டான்.”

“அதும் கேக்கல” என்றார் அங்கமுத்து. மூவரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ஈரோட்டில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் அந்தச் செட்டைப் பார்த்தபோது அவர் முதலில் கேட்டது, இந்தக் குமிழெல்லாம் எதற்கு என்றுதான். பாட்டின் மேல்சத்தத்தைக் கூட்ட ஒன்று, இடது பக்கத்தை மட்டும் கூட்ட ஒன்று என்று விற்பவர் சொன்னாராம். வேறு எதையும் கேட்காமல் வாங்கி, மொபெட்டின் முன்னால் வைத்து, காவிரிப் பாலம் முழுக்க இறங்கித் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். நாங்கள் சரிசெய்து கொடுத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நாயனக் கேசட்டைப் போட்டு, டிரபிளை முழுக்கத் திருகி, பேலன்ஸை இடது பக்கம் தள்ளித் தள்ளி ஒரு இடத்தில் நிறுத்தியபோது, ஜால்ரா கேட்டிருக்கிறது. நடுவில். இரண்டு காதுக்கும் நடுவில்.

எத்தனையோ பேர் இந்தச் செட்டுகளை எத்தனையோ காரணங்களுக்காக வைத்திருக்கிறார்கள். அழகுக்கு, அந்தஸ்துக்கு, அப்பா வைத்திருந்தார் என்பதற்கு. எல்லாம் சரிதான். ஆனால் அந்த முகப்பில் உள்ள ஒவ்வொரு குமிழும் எதற்காக உருவாக்கப்பட்டதோ அதற்காகவே அதைத் தேடி வாங்கிய ஒருவரை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். அவரைத்தான் ஓட்டத் தெரியாதவர் என்றோம்.

அதோடு முடிந்திருந்தால்கூட என் கோபம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும். அங்கமுத்து இன்னொன்றும் சொன்னார்.

“ரெண்டாவது தடவ நீங்க சொன்னதுக்கப்பறம் நான் டிரபிளத் தொடவே இல்லீங்க. எல்லாத்தையும் நடுவுல வெச்சுத்தான் கேட்டேன். பாதிப் பாட்டுதான் வந்துச்சு. பரவால்ல, செட்டு நிக்குதேன்னு விட்டுட்டேன். அப்பவும் போயிருச்சு. போறதுக்கு முன்னாடி உள்ள டிரான்ஸ்பார்மரு உறுமுச்சுங்க. கையில தொட்டா தெரிஞ்சுது.”

மறுநாள் காலை கடைக்குப் போனதும் முதலில் ரேக்கில் இருந்த அந்தச் செட்டைப் பார்த்தேன். டிரபிள் நடுவில். பேலன்ஸ் நடுவில். செலக்டர்மேல் என் சிவப்புச் சொட்டு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. மூன்றாவது ஜாப் கார்டை எடுத்தேன். என் கையெழுத்தில், ‘டிரபிள் முழுவதும், பேலன்ஸ் இடது.’ பார்க்காமலே எழுதியிருக்கிறேன். முந்தைய கார்டிலிருந்து நகல் எடுத்திருக்கிறேன். குமிழ் பொய் சொல்லாது என்ற விதியைச் சொல்லிக்கொண்டே, குமிழ் சொன்னதைக் கேட்காமல் இருந்திருக்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை. ஒரு நிமிடத்தில் புரிந்துகொண்டார்.

“சரி. நல்லதாப் போச்சு. இனிமே தறி ஊருக்கெல்லாம் 240ல வை. ஆனா இத அவர்கிட்ட ஏன் சொல்லணும்?”

“நேத்தே சொல்லிட்டேன் சார்.”

அவர் முகம் மாறியது. “யாரக் கேட்டுச் சொன்ன? கடைப் பேரு என்ன ஆகறது? அவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாருல்ல?”

தாளை எடுத்து அவர்முன் வைத்தேன். “சரிசெய்ய இயலாது என்று கடை தெரிவித்ததால்னு போட்டிருக்கு சார். சரிசெய்ய முடியும். அப்ப இந்தத் தாள் செல்லாது.”

“சட்டம் பேசறியா?”

“இல்ல சார். படிச்சுக் காட்டறேன்.”

புதன்கிழமைக்கு இரண்டு நாள் இருந்தது. என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அலமாரியில் பூட்டி வைத்திருந்த அந்த ஒரே ஜோடி ஒரிஜினல் டிரான்சிஸ்டரைப் போடலாம். போட்டால் செட் அச்சு அசலாக இருக்கும், ஏற்காட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார். அல்லது இப்போது தயாராகிற, அதைவிட அதிக வோல்டேஜ் தாங்குகிற டிரான்சிஸ்டர்களை இரண்டு பக்கமும் போடலாம். பள்ளிபாளையத்து மின்சாரத்துக்கு அதுதான் பொருத்தம். ஆனால் சேகரிப்பவர்களுக்கு அது பிடிக்காது. மூடியைத் திறந்து பார்த்ததும் முகத்தைச் சுளிப்பார்கள். ஒரு செட்டைச் சரிசெய்யும்போது அது யாருடைய வீட்டில் பாடப் போகிறது என்று முடிவெடுக்காமல் எந்தப் பாகத்தையும் தேர்ந்தெடுக்க முடியாது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. புதியவற்றைப் போட்டேன். பிளேடால் என் சீலைச் சுரண்டி எடுத்தேன். செலக்டரை 240க்குத் திருப்பினேன். கார்டுகளில் இருந்த இரண்டு டிக்கையும் கோடு போட்டு அடித்துவிட்டு, மூன்றிலும் ‘தவறு கடையுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். செவ்வாய் மாலை அவற்றை நகலெடுத்து அங்கமுத்துவுக்குத் தபாலில் அனுப்பினேன்.

புதன்கிழமை ஏற்காட்டுக்காரர் வந்தார். மரியாதையான மனிதர்தான், அவர்மேல் எனக்குக் குறை இல்லை. முதலாளி என்னிடம் எதுவும் கேட்காமல் செட்டை எடுத்து வைத்து மூடியைத் திறந்தார். வந்தவர் குனிந்து பார்த்தார்.

“இது ஒரிஜினல் இல்லையே?”

முதலாளி என்னைப் பார்த்தார். “அந்த ஜோடி எங்க? டப்பாவுல இருந்துச்சுல்ல?”

“டப்பாவுலதான் இருக்குங்க. அது அந்த ஊட்டுக் கரண்டுக்குத் தாங்காதுங்க.”

“எந்த ஊட்டுக்கு?”

“பள்ளிபாளையத்து ஊட்டுக்குங்க.” வந்தவர் பக்கம் திரும்பினேன். “சார், இது விக்கறதுக்கு இல்லீங்க. ரிப்பேர் பண்ண முடியாதுன்னு தப்பாச் சொல்லித்தான் அவர்கிட்டக் கையெழுத்து வாங்கினோம். ரிப்பேர் ஆயிருச்சு. அவரு பொருள் அவருக்கே போகுது.”

வந்தவர் செட்டை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மூடியை அவரே எடுத்து மூடினார். “இதை முன்னாடியே போன்ல சொல்லியிருக்கலாமே” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கதவு சாத்தியதும் முதலாளி கத்தினார். நான் உட்காரவில்லை. அவர் கத்தி முடிக்கும்வரை நின்றேன். அவர் சொன்னவற்றில் ஒன்று மட்டும் சரி. முதல்நாளே செலக்டரைப் பற்றி யோசித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்றார். ஆமாம். அந்தச் செலக்டரைத் திருப்பி வைத்து அதன்மேல் நெயில் பாலிஷ் வைத்த கை என்னுடையதுதான்.

இனி உங்களுக்கு. டிரான்சிஸ்டர் மாற்றுவதெல்லாம் ஒரு மாதத்தில் வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. செட் எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள், எந்த நாளில் பாடுகிறது என்று கேளுங்கள். கவுண்டரில் ஒருவர் விசித்திரமாக ஏதாவது சொன்னால் அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே கார்டில் எழுதுங்கள். சிரிப்பு வந்தால் எழுதி முடித்துவிட்டுச் சிரியுங்கள். பழைய கார்டைப் பார்த்துப் புதிய கார்டை நிரப்பாதீர்கள். லுங்கித் துணியில் கட்டி வருகிறதா, தெர்மாகோல் பெட்டியில் வருகிறதா என்று உங்கள் கண் பார்க்கும். பார்க்காமல் இருக்க முடியாது. ஆனால் பார்த்ததும் மனதில் ஒரு தீர்ப்பு வரும், அந்தத் தீர்ப்பை நம்பாதீர்கள். மற்றபடி, ஒரு செட் மூன்று முறை திரும்பி வந்தால், அதை வைத்திருப்பவர் மூன்று முறையும் உங்களை நம்பித் திரும்பி வந்திருக்கிறார் என்று பொருள்.

இப்போதைய நிலை இது.

அங்கமுத்துவின் செட் அவர் வீட்டில் இருக்கிறது. ஸ்டெபிலைசர் ஒன்றும் போட்டிருக்கிறார். பழைய சூட்டில் டிரான்ஸ்பார்மரின் காகிதம் கொஞ்சம் கருகியிருக்கிறது, எத்தனை காலம் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். ‘உபயோகிப்பவர் தவறு’ கட்டம் கார்டில் இன்னும் அச்சாகி வருகிறது. முதலாளி யாரிடமும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

நான் வேலையை விட்டுவிட்டேன். சனிக்கிழமை கடைசி நாள். போவதற்கு முன் பழைய கார்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். தறி ஊர்களிலிருந்து வந்து, திரும்பத் திரும்பக் கெட்டு, அந்தக் கட்டத்தில் டிக் வாங்கி, கடைசியில் கையெழுத்துப் போட்டு விற்கப்பட்ட செட்டுகள் இன்னும் மூன்று இருந்தன. அவற்றில் இரண்டு ஜலகண்டாபுரத்துக்காரர்களுடையவை. உண்மையைச் சொல்ல மூன்று பேருக்கும் போன் செய்தேன். ஒருவருடைய எண் மாறிவிட்டது. ஒருவர் சரிங்க என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்றாமவர் முழுக்கக் கேட்டார். பிறகு, “செட்டு இப்ப எங்கீங்க இருக்குது?” என்றார்.

யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். திரும்ப வாங்க முடியாது என்பதும் தெரியும். இரண்டையும் சொன்னேன்.